மாற்றமும் அதன் காரணமும்



ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், தாம் கொண்ட பாடத்தை மட்டும் தந்து அமையாமல், பிற ஏடுகளிற் கண்ட பிரதிபேதங்களையும் குறித்துச் சென்றார். அதனால், பின்வந்தோர் அவர் முடிவை மீண்டும் ஆராய இயன்றது. அத்தகைய கடமையொன்று இக்காலத்துக் கணினித் துறையிலும் உண்டு.

கணினியின் பணிசெயல் முறைமைக்கு உள்ளீடாய் நின்று, நினைவகத்தையும் கருவிகளையும் ஆளும் பகுதியைக் கேர்ணல் என்பர். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991 ஆம் ஆண்டில் லினக்ஸ் என்ற கேர்ணலை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். இன்று உடுப்பிட்டிச் சந்தியில் ஒருவர் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியை இயக்குவதும் அதுவே.

ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு குறிப்பு எழுதப்படல் வேண்டும். எதனை மாற்றினோம் என்பதை நிரலே காட்டும். ஏன் மாற்றினோம் என்பதைக் குறிப்பு ஒன்றே உரைக்கும். முன்னைய திருத்தமொன்றாற் புகுந்த பிழையைத் தீர்ப்பதாயின், அத்திருத்தத்தின் அடையாள எண்ணும் சுட்டப்படும். அனுப்புவோர் அதனை அனுப்பத் தமக்கு உரிமை உண்டென உறுதி கூறித் தம் பெயரையும் இடுவர்.

இதன் பயன் யாது? புதிய பதிப்பில் ஒரு கருவி இயங்க மறுக்கின்றது என்க. மாற்றங்களின் வரிசையை நடுவே பிரித்து, அவ்விடத்து நிரல் இயங்குகின்றதா எனச் சோதித்து, குற்றமுள்ள பாதியை மீண்டும் இரண்டாக்கிச் சென்றால், 16,384 மாற்றங்களுள் ஒன்றைப் பதினான்கு சோதனைகளிற் கண்டுவிடலாம். கண்டபின் அதனை நீக்கலாமா, திருத்தலாமா என்று துணிவதற்குக் காரணக் குறிப்பு வேண்டும். குறிப்பின்றி நீக்குபவர், பழைய பிழையொன்றை மீண்டும் உயிர்ப்பித்தல் கூடும்.

பதிவு அறுந்தால் நேரும் இடர்ப்பாட்டுக்கும் இங்கே சான்று உண்டு. 2005 ஏப்பிரலில் டோர்வால்ட்ஸ் கிற் என்னும் பதிவுக் கருவியை ஆக்கியபோது, 2.6.12 ஆம் பதிப்பின் முன்னோட்ட நிரலொன்றிலிருந்தே புதிய ஏடு தொடங்கியது. அதற்கு முந்திய வரலாறு அதனுட் சேர்க்கப்படவில்லை. ஒரு வரியின் தோற்றத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்பவர் அவ்வெல்லையில் நின்றுவிடுகின்றார். முன்னைய பதிவுகளைத் தனியே தொகுத்து இணைத்துப் பார்த்தாலன்றி அவர் மேற்செல்ல இயலாது.

இனி, பதினாயிரம் குறிப்புக்களையும் பொதுப் பயனாளர் வாசித்தல் அரிது. அவர்க்கெனச் சுருக்கமொன்று வேண்டும். சுருக்குபவர் புதியனவற்றைப் புகழ்வதோடு நில்லாது, கழிந்தனவற்றையும் சொல்லக் கடமைப்பட்டவர். 2013 பெப்ரவரியில் வெளிவந்த 3.8 ஆம் பதிப்பு, 386 என்னும் பழைய செயலிக்கான ஆதரவைக் கைவிட்டது. லினக்ஸ் முதன்முதலில் எழுதப்பட்டது அச்செயலிக்காகவே! பழைய கணினியைப் பேணிவந்த ஒருவர்க்கு, நூறு புதுமைகளினும் அந்த ஒரு வரியே பெரிது. அதனை அறியாது புதிய பதிப்பை நிறுவினால் அவர் கணினி இயங்காது.

உடுப்பிட்டியிலும் பிற ஊர்களிலும் நிரல் எழுதப் பயிலும் மாணவர்கள் இவ்வொழுக்கத்தை முதல் நாளிலேயே கைக்கொள்ளலாம். சிறு நிரலேயாயினும், திருத்தும்போது இரண்டு வரி எழுதுக: முன்பு யாது குறை இருந்தது? இம்மாற்றம் அதனை எவ்வாறு தீர்க்கின்றது? பெயரும் திகதியும் இடுக. அக்குறிப்பை வாசிக்கப் போகின்றவர் பெரும்பாலும் எழுதியவரைக் கண்டிராதவர். கேட்டறிய வேறு வழியும் இல்லாதவர். அவரை மனத்திற் கொண்டு எழுதுதலே இக்கடமையின் முதற்பாடம்.