கொடி கொழுத்தால் கிழங்கு மெலியும்



வற்றாளங்கிழங்கை ஏழையின் உணவென்று இகழ்வோர் நம்மிடையே உளர். அரிசி அருகிய காலங்களில் நம் வயிறு காத்த கிழங்குகளுள் அதுவும் ஒன்று என்பதை அவர் மறந்தனர் போலும். அக்கிழங்குக்கு நாம் இடும் பசளையைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். இது தோட்டத்தோடு முடியும் பேச்சன்று. நாம் குடிக்கும் தண்ணீரையும் தொட்டுச் செல்லும் பேச்சு.

வற்றாளைத் தோட்டத்திற் கொடி மண்டிக் கிடப்பதைக் கண்டால் நாம் பூரிக்கின்றோம். கிண்டும் நாளிலோ வேர்கள் மெலிந்து கிடக்கின்றன. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது மிகையான நைதரசன். அளவான நைதரசன் இலையை வளர்க்கும். இலை ஆக்கும் மாவுச்சத்துக் கிழங்கிற் சேரும். அளவு மிஞ்சினாலோ, சிறப்பாகக் காலந் தாழ்த்தி இட்டாலோ, செடி தன் வலிமையெல்லாம் கொடியிலேயே செலவிடும். கிழங்கு பருக்கப் பெரிதும் வேண்டுவது பொற்றாசியம். அடுப்புச் சாம்பலில் அது உண்டு. ஆயின் சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாய்க் கலத்தலாகாது. கலந்தால் நைதரசன் ஆவியாய்ப் பறந்துவிடும்.

அப்படியாயின் மிஞ்சிய நைதரசன் எங்கே போகின்றது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு ஊற்று. ஐப்பசி, கார்த்திகை மழை வெறுந்தரையிற் கொட்டும்போது, மண்ணிற் கிடக்கும் நைத்திரேற்று அந்நீரோடு கரைந்து கீழிறங்குகின்றது. 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள், குடாநாட்டின் பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை நைத்திரேற்று மீறியிருத்தலைக் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணமே. ஆயினும் தோட்டத்தின் பங்கை நாம் மறைத்தல் நேர்மையன்று.

இதற்கு மாற்று என்ன? மழைக்காலத்தில் மண்ணை வெறுமையாய் விடாதிருத்தல். 1886 இல் ஜேர்மனிய அறிஞர் ஹெல்றீகல், அவரை இனச் செடிகள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையாற் காற்றின் நைதரசனைப் பெறுதலை எடுத்துக் காட்டினார். குழை தாழ்த்தும் வழக்கமுடைய நமக்குப் பசுந்தாட் பசளை புதிதன்று. சணலை முதல் மழையோடு விதைத்து, ஏறக்குறைய 2 மாதத்தில், பூக்கத் தொடங்கும் பருவத்தில் மடக்கி உழுதல் வேண்டும். தண்டு முற்றி நாரேற விட்டால் அது உக்குவதற்கே மண்ணின் நைதரசனைப் பிடித்துக்கொள்ளும். உழுதபின் 2 அல்லது 3 கிழமை உக்கவிட்டுக் கொடி நடலாம். நீர் தேங்கும் காணிக்குச் சணல் ஆகாது; வாய்க்கால் வெட்டி வடியவிடல் வேண்டும். வற்றாளையைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவையும் சணல் தணிக்கும். பயற்றை இனங்களுட் சில அப்புழுவை வளர்க்கவும் கூடும்.

கணக்கையும் பாருங்கள். நன்கு வளர்ந்த சணல் ஏக்கருக்கு ஏறக்குறைய 45 கிலோ நைதரசன் தரவல்லது. 50 கிலோ யூரியாப் பையில் உள்ளது 23 கிலோ. ஆகவே 16 பரப்பில் நிற்கும் நல்ல சணல் ஏறத்தாழ 2 பை யூரியாவுக்கு ஈடு. ஆனால் அதிற் பாதியளவே அடுத்த பயிருக்கு உடன் கிட்டும் எனக் கொள்வோம். அப்போதும் ஒரு பை மிச்சம். யூரியாவை அறவே விடுக என்று நாம் சொல்லவில்லை. மண் தருவதைக் கழித்து, குறைவதை மட்டும், நட்டு 6 கிழமைக்குள் இடுக என்கின்றோம்.

அறவே விட்டால் நேர்வதை 2021 நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் குன்றக் கண்டு நவம்பரில் அத்தடையை நீக்கியது. மண்ணை ஆயத்தஞ் செய்யாமற் பையைப் பறித்தாற் கமக்காரனே அழிவான். ஆயின் கப்பலையே நம்பியிருத்தலும் பாதுகாப்பன்று. மண் தானே நைதரசன் தேடிக்கொள்ளும் வழியை அமைதியான காலத்திலேயே பழக்கிக் கொள்ளல் வேண்டும்.

உத்தியோகம் பார்க்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்களுட் பலர் தோட்டக்காணியை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு விடுகின்றீர்கள். அடுத்த போகம் யார் கையில் என்றறியாதவன் இரண்டு மாதம் சணல் வளர்த்து உங்கள் மண்ணை ஏன் வளப்படுத்துவான்? பையை அவிழ்த்துக் கொட்டவே செய்வான். அவன் இடும் யூரியா உங்கள் வீட்டுக் கிணற்றுக்கே வருகின்றது. மூன்றாண்டுக் குத்தகை எழுதிக் கொடுங்கள். சணல் வளரும் காலத்துக்கு வாடகை தள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் சணல் விதையைச் சேமித்து உரிய காலத்தில் வழங்கட்டும். பசளைக்கு மானியம் தரும் அரசு பசுந்தாள் விதைக்கும் தரட்டும் என்று நாம் ஒருமித்துக் கேட்போம்.

கமக்காரப் பெருமக்களே, நம் சொல்லை நம்பிக் காணி முழுவதையும் மாற்ற வேண்டா. சணல் உழுத நிலத்தில் மூன்று பாத்தி ஒதுக்குங்கள். ஒன்றுக்கு வழக்கமான யூரியா, ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்கு ஏதுமில்லை. கிண்டும் நாளிற் கொடியை வேறாகவும் கிழங்கை வேறாகவும் நிறுங்கள். செலவையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு உங்கள் தராசு சொல்வதைக் கேளுங்கள்.