10 டன் தூண்

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. சுமார் 10 டன் எடை. சென்னை வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்க 1792-இல் நிறுத்தியது. கல்வெட்டில் தமிழும் உண்டு. சின்னத் தொலைநோக்கிக்கு இத்தனை பெரிய கல்லா?

ஆமாம். 100 மடங்கு பெரிதாக்கும் கருவி, நடுக்கத்தையும் 100 மடங்கு பெரிதாக்கும். பக்கத்தில் ஒருவர் நடந்தாலே வியாழன் துள்ளும்!

வீட்டில் தொலைநோக்கி அமைப்பவர்களும் மண்ணைத் தோண்டி, கம்பி கட்டி, தனி அஸ்திவாரத்தில்தான் கான்கிரீட் தூண் எழுப்ப வேண்டும். அறையின் தரை அதைத் தொடவே கூடாது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி போதும், காலடி அதிர்வு தூணுக்கு ஏறாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மொட்டை மாடியா? தளத்தின் நடுப்பகுதி வேண்டாம். கீழே பில்லர் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே வையுங்கள்.