உயர்ந்த செடியும் தாழ்ந்த செடியும்

 

ஜாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வைதீகர்கள் உடனே செடிகொடிகளிடம் ஓடிவிடுகிறார்கள். "துளசியும் எருக்கும் ஒன்றாகுமா? இயற்கையிலேயே உயர்வு தாழ்வு இருக்கிறதே!" என்கிறார்கள். ஆதலால் அவர்கள் காட்டுகிற இடத்திற்கே போய்ப் பார்த்துவிடுவோமென்று, இன்று ஒரு பாசியையும் ஒரு பூச்செடியையும் எடுத்துக்கொண்டோம்.

பாசியென்றால் குளத்தில் மிதப்பதல்ல. மழைக்காலத்தில் சுவரிலும் கிணற்றடியிலும் பச்சையாய்ப் படருகிறதே, அந்த வகை. அதில் பிஸ்கோமிட்ரெல்லா என்பது ஓர் இனம். 1962-ல் இங்கிலாந்தில் கிரான்ஸ்டன் காட்டில் வைட்ஹவுஸ் என்பவர் சேகரித்து, ஒரே வித்துத்தூளிலிருந்து வளர்த்த அதன் வம்சம் இன்று பல தேசத்து ஆராய்ச்சிச்சாலைகளில் இருக்கிறது. பூச்செடி அராபிடாப்சிஸ்; கடுகுக்குப் பங்காளியான ஒரு சிறு களை.

பாசிக்குப் பூவில்லை, விதையில்லை, உண்மையான வேருமில்லை. ஆண் அணு ஈரத்தில் நீந்திப்போய்த்தான் பெண் அணுவைச் சேரவேண்டும். இதையெல்லாம் பார்த்துப் படித்தவர்களே அதைத் "தாழ்ந்த தாவரம்" என்று எழுதிவந்தார்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? களையின் ஜீன்கள் 2000-லும், பாசியின் ஜீன்கள் 2008-லும் படித்து வெளியிடப்பட்டன. களைக்கு ஏறக்குறைய 27,000 ஜீன்கள். பாசிக்கோ 30,000-க்கு மேல்! குரோமோசோமோ களைக்கு 5 ஜோடி. பாசியின் பச்சை உடம்பில் 27. அதனால் பாசிதான் மேல்ஜாதி என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஒரு மனுதர்மம் எழுதினவர்களாவோம். எண்ணிக்கையை வைத்து ஏணி கட்ட முடியாதென்பதுதான் சங்கதி.

இவ்விரண்டும் உறவென்று காட்டினவர் கதையையும் கேளுங்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஹோப்மைஸ்டர் என்றொருவர். சர்வகலாசாலையில் படித்தவரல்ல, தகப்பனாரின் புத்தக, சங்கீதப் பதிப்புக் கடையில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு 1851-ல் அவர் நிரூபித்ததென்ன? பாசி முதல் விதைச்செடி வரை இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன என்பது. பாசியில் நாம் காணும் பச்சை உடம்பு ஒரு தலைமுறை. அதன்மேல் நிற்கும் காம்பும் சிமிழும் அடுத்த தலைமுறை. பூச்செடியிலோ இது தலைகீழ். முழுச்செடியே அந்த இரண்டாம் தலைமுறைதான். முதல் தலைமுறை மகரந்தத் தூளில் 3 செல்லாகவும், சூலுக்குள் 7 செல்லாகவும் சுருங்கிக் கிடக்கிறது. 1863-ல் அவரை ஹைடல்பர்க் சர்வகலாசாலை ஆசிரியராக அழைத்துக்கொண்டது. "பட்டமுண்டா, குலமென்ன?" என்று கேட்டிருந்தால் நஷ்டம் யாருக்கு?

பாசியின் வழியும் பூச்செடியின் வழியும் பிரிந்து 40 கோடி வருஷங்களுக்கு மேலாகிறது. ஒன்று மற்றொன்றுக்குப் படியல்ல; இரண்டும் இன்று வரை பிழைத்து வந்திருக்கின்றன. செடியைப் பார்த்து மனிதனுக்குச் சட்டம் செய்யவேண்டுமென்பது நமது கட்சியல்ல. செடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்கள் வைதீகர்கள். சாட்சி அவர்கள் பக்கம் பேசவில்லை, அவ்வளவுதான்.

கொட்டகைக்குப் பின்புறச் சுவரில் நல்ல பாசி பிடித்திருக்கிறது. பூதக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராய் வந்து, அந்தக் காம்பும் சிமிழும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.