கொள்வோர் உரிமையும் நேர்மை விலையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசுதற்கு எடுத்துக்கொண்ட பொருள் கொள்வோர் உரிமையும் நேர்மை விலையும் என்பதாம். பொருள் பழையதே. நம் சங்கத்து அங்கத்தினருட் பலர் கடை வைத்து வாணிகம் புரிபவர். ஏனையோரும் நாடோறும் கடைக்குச் செல்பவர். ஆதலின் தராசின் இருபுறத்தும் நின்ற பழக்கம் நமக்கு உண்டு. ஆயினும், கையால் தொடவியலாத சரக்குகள் சில இக்காலத்தே சந்தைக்கு வந்துள்ளன. மின்னூல், இசை, திரைப்படம், விளையாட்டு, கைப்பேசிச் செயலி, பிள்ளைகளின் பாடச் சந்தா என்பன அவை. இவற்றை நிறுத்தற்குத் தராசில்லை, அளத்தற்குப் படியில்லை. விற்போன் எந்நாட்டில் இருக்கின்றான் என்பதும் வாங்குவோர் பலர்க்குத் தெரியாது. இத்தகைய சரக்கிற்கு நேர்மை விலை யாது? விலை கொடுத்தவனுக்கு அதன்மேல் உள்ள உரிமை யாது? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

ஆராய்தற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடி நாம் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைத் தலைவனாக வைத்துப் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வாணிகரின் இயல்பு கூறப்பட்டுள்ளது. அவர்கள் வாங்கும்போது மிகுதியாக வாங்கார். கொடுக்கும்போது குறைவாகக் கொடார். தம் சரக்கைப் பற்றி மறையாது எடுத்துரைத்து விற்பர். மிகையின்மை, குறைவின்மை, வெளிப்படை என்னும் இம்மூன்றும் வாணிக அறத்தின் மூன்று கால்கள். புதிய சரக்கையும் இம்மூன்றாலும் அளந்து பார்ப்போம்.

முதலாவது, மிகை கொள்ளுதல். ஒரு சரக்குக் கப்பலில் ஏறிக் கடல் கடந்து வருமாயின், கூலியும் சுங்கமும் சேர்ந்து விலை உயர்தல் இயல்பு. கம்பியின் வழியே ஒரு நொடியில் வந்து சேரும் மென்பொருளுக்கு அக்கூலி ஏது? இவ்வினாவை ஆஸ்திரேலிய மக்கள் எழுப்பினர். அமெரிக்கர் கொடுக்கும் விலையினும் மிக்க விலையை அதே மென்பொருளுக்கும் இசைக்கும் தாம் கொடுக்க நேர்ந்ததை அவர்கள் ‘ஆஸ்திரேலிய வரி’ என்று எள்ளலாக அழைத்தனர். அந்நாட்டின் ‘சாய்ஸ்’ என்னும் நுகர்வோர் கழகம் காட்டிய உதாரணம் ஒன்று கேட்போரைத் திகைக்கச் செய்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் மென்பொருள் ஒன்றுக்கு ஆஸ்திரேலியாவில் 8,600 டாலருக்கு மேல் அதிகவிலை வைக்கப்பட்டிருந்தது. ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து அமர்த்தி, விமானத்தில் இருமுறை அமெரிக்கா சென்றுவரச் செய்து, அங்கே அதனை வாங்கினாலும் செலவு குறையும் என்று அக்கழகத்தார் கணக்கிட்டுக் காட்டினர்.

அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று இதனை விசாரித்தது. ஆப்பிள், மைக்ரோசாப்ட், அடோபி ஆகிய மூன்று கம்பெனியாரும் அழைப்பாணையின்பேரில் 2013 மார்ச்சு 22-ஆம் நாள் குழுவின்முன் வந்து விடையிறுத்தனர். விசாரணைக்கு முந்திய மாதத்திலேயே அடோபி தன் மாதச் சந்தா ஒன்றை அந்நாட்டார்க்குக் குறைத்தது என்பது கருதத்தக்கது. கேட்பார் உளர் என்று தெரிந்த அளவிலேயே விலை இறங்குமாயின், முன்னிருந்த விலைக்குச் செலவு மட்டும் காரணமன்று என்பது புலனாகும். குழுவின் அறிக்கை அவ்வாண்டு சூலை மாதத்தில் வெளிவந்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘எல்லா நாட்டார்க்கும் ஒரே விலை என்பதுதான் நீதியோ?’ என்று கேட்பீராயின், அன்று என்பேன். நெட்பிளிக்ஸ் கம்பெனி 2021 டிசம்பரில் நம் நாட்டாருக்குரிய கைப்பேசிச் சந்தாவை மாதம் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைத்தது. மக்களின் வருவாய்க்கேற்ப விலை தாழ்தல் நமக்கு நன்மையே. ஆகவே விலை வேறுபடுதல் குற்றமன்று. வாங்குவோன் வேறு கடைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டு, அவனால் தாங்கக்கூடிய எல்லைவரை விலையை ஏற்றுதலே குற்றம். ஊரில் ஒரே கடை இருந்த காலத்தில் அரிசிக்கு விலை எவ்வாறு ஏறிற்று என்பதை நம் முதியோர் அறிவர்.

இரண்டாவது, குறைத்துக் கொடுத்தல். கடையில் ஒரு புத்தகம் வாங்கினால் அது நமது. நாம் படித்தபின் மகன் படிப்பான்; வேண்டுமாயின் பாதி விலைக்கு விற்கலாம்; நூல்நிலையத்திற்கு வழங்கலாம். இவ்வுரிமையை ஓர் அமெரிக்க வழக்கு உறுதி செய்தது. நாவல் ஒன்றைப் பதிப்பித்தவர், ‘ஒரு டாலருக்குக் குறைத்து விற்றலாகாது’ என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தனர். நியூயார்க்கு நகரத்துப் பெருங்கடை ஒன்று அதனை 89 சென்டுக்கு விற்றது. பதிப்பாளர் வழக்கிட, 1908-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், முதல் விற்பனையோடு பதிப்பாளரின் அவ்வதிகாரம் முடிந்தது என்று தீர்ப்பளித்தது.

மின்னூலுக்கோ இவ்வுரிமை இல்லை. ஒருவர் படித்த மின்னூலைப் பழைய புத்தகம்போல் மறுவிற்பனை செய்தல் கூடாதென 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறிற்று. மேலும், நாம் வாங்கியதாக எண்ணுவது நூலையன்று. அதனைப் படித்தற்குரிய உரிமத்தையே. விற்றவன் நினைத்தால் அவ்வுரிமம் மறையும். 2009 சூலையில் அமேசான் கம்பெனி, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவல்கள் இரண்டின் சில பிரதிகளை, அவற்றைத் தன் கடையில் விற்றவனுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற காரணத்தால், வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து தானே அழித்தது. விலைப்பணம் திருப்பித் தரப்பட்டது உண்மை. ஆயினும் மாணவர் ஒருவர் பாடத்தின் பொருட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகள் மூலநூல் இன்றிப் பயனற்றுப் போயின. பின்னர்க் கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பழைய செய்திகளை அரசாங்கத்தார் இருந்த இடம் தெரியாமல் அழித்துவிடும் ஒரு நாட்டைப் பற்றியது அவ்விரு நாவல்களுள் ஒன்றாகிய ‘1984’ என்பது எண்ணத்தக்கது.

2019-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்னூற் கடையையே மூடிற்று. சூலை மாதத்திலிருந்து அதில் வாங்கிய நூல்கள் ஒருவருக்கும் திறக்கவில்லை. விலையைத் திருப்பியளித்த கம்பெனி, நூலில் குறிப்பெழுதியிருந்தோர்க்கு 25 டாலர் கூடுதலாக அளித்தது. நம் தெருவில் ஒரு புத்தகக் கடை மூடப்பட்டால், கடைக்காரர் இரவில் வீட்டினுட் புகுந்து விற்ற நூல்களை எடுத்துச் சென்று, மேசைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போவாரோ? பணம் சரியாக இருப்பினும் அச்செயலை நாம் ஒப்போம்.

பழுதான சரக்கைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையின் வாயிலாகக் கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் கம்பெனி, பணத்தைத் திருப்பித் தரும் கடப்பாடு தனக்கில்லை என்று ஆஸ்திரேலிய நுகர்வோரிடம் கூறி வந்தது. 2016 மார்ச்சில் அந்நாட்டு நீதிமன்றம், அயல்நாட்டுக் கம்பெனியாயினும் இந்நாட்டில் விற்பதற்கு இந்நாட்டுச் சட்டமே செல்லும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டமும் விதித்தது. ‘நாங்கள் எழுதி வைத்த நிபந்தனைக்கு நீர் உடன்பட்டீர்’ என்னும் வாதம் சட்டத்தின்முன் நில்லாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, வெளிப்படை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் 2024-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. அது 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பது உரிமம் மட்டுமேயாயின், அதனைத் தெளிவாக அறிவியாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை இடலாகாது என்பது அதன் சாரம். ஒரு சொல்லின் பொருளைக் காப்பதற்கே சட்டம் வேண்டியதாயிற்று. வாங்குதல் என்பதற்கும் இரவல் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் சிறுவரும் அறிவர். அதனை மறைத்து விற்றல் மொழிக்கும் இழுக்கு, வாணிகத்திற்கும் இழுக்கு.

நம் நாட்டிலும் இதனை ஒத்த முயற்சி நடந்துள்ளது. 2023 நவம்பர் 30-ஆம் நாள், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளில் வாங்குவோரை மயக்கும் தந்திரங்கள் 13 வகையினவென்று வகுத்து, அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துதல். கேளாத சரக்கைக் கூடையிற் சேர்த்தல். முதலில் சிறு விலை காட்டிப் பணம் கட்டும் வேளையில் கட்டணங்களை ஏற்றுதல். சந்தாவிற் சேர்தற்கு வாயிலைத் திறந்து வைத்து, விலகுதற்குரிய வழியை மறைத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்றேனும் தம் கைப்பேசியிற் காணாதவர் இவ்வவையில் இலர் என்று எண்ணுகின்றேன்.

இனி, நமக்கு நம் நாட்டுச் சட்டம் தந்துள்ள கருவிகள் யாவை என்று காண்போம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டின் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தின் வழியே வாங்குவோரும் நுகர்வோரே என்று அது வெளிப்படையாகக் கூறுகின்றது. விற்பவன் எங்கிருப்பினும், வாங்கியவன் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். தக்க காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமையை ஒருவனுக்குத் தரும் ஒப்பந்தம், ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ என்னும் வகையுட் படும். அதனை மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். அதே ஆண்டின் மின்வணிக விதிகள், முறையீடு கிடைத்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றமைக்கு விடையெழுதி, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டுமென்று இணையக் கடையாரைப் பணிக்கின்றன. நியாயமற்ற இலாபம் கருதி விலையைத் திரித்தலையும் அவ்விதிகள் தடுக்கின்றன. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை நாடலாம்.

கருவி இருந்தும் எடுத்து ஆளாதவனுக்கு அதனாற் பயனில்லை. நம் குடும்பங்களில் மாதந்தோறும் சிறுசிறு தொகையாகக் கணக்கிலிருந்து கழியும் பணத்தை எத்துணைப் பேர் பார்க்கின்றனர்? பேரன் பரீட்சைக்கென்று தொடங்கிய பாடச் சந்தா, அவன் கல்லூரிக்குச் சென்றபின்னும் ஓடிக்கொண்டிருத்தல் கூடும். தானே கழியும் தொகைகளுக்கு 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வரல் வேண்டும் என்பது 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி முழுமையாக நடைமுறைப்படுத்திய விதி. அவ்வறிவிப்பைப் படிக்காமல் தள்ளுதல், கடையில் மிச்சச் சில்லறையை எண்ணாமல் வருதலை ஒக்கும். வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். முழுவிலை எவ்வளவு? எத்துணைக் காலம் என்னிடம் இருக்கும்? விலக வேண்டுமாயின் வழி யாது? விடை தெளிவாகக் கிடைக்கவில்லையாயின் அவ்விற்பனையை ஒதுக்குங்கள். வாங்கியதன் இரசீதையும் நிபந்தனையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கென்று வந்தால் அதுவே சாட்சி.

இளைஞருட் சிலர், ‘விலை மிகையாயிருத்தலின் திருட்டுப் பிரதியை எடுத்துக்கொள்கின்றோம்’ என்பர். இஃது ஏற்புடைத்தன்று. அளவில் ஏமாற்றும் கடைக்காரனுக்கு மறுமொழி, அவன் மூட்டையைத் தூக்கிச் செல்லுதல் அன்று. அதனால் பெருங்கம்பெனியினும் முன்னர்க் கெடுவது, சில நூறு பிரதிகளை விற்றுப் பிழைக்கும் தமிழ்ப் பதிப்பாளரும், நூலாசிரியரும், பாட்டுப் பாடுவோருமே. நேர்மை விலையைக் கேட்கும் உரிமை, நேர்மையாகக் கொடுப்பவனுக்கே வலிமை தரும்.

வாணிகம் புரியும் நம்மவர்க்கும் ஒரு சொல். நம் இளைஞர் பலர் இன்று இணையத்தில் கடை திறக்கின்றனர். பெரிய கடைகளின் தந்திரங்களைக் கண்டு, ‘இதுவே தொழில் முறை’ என்று கருதி அவற்றை மேற்கொள்ளற்க. முழுவிலையை முதலிலேயே காட்டுங்கள். திரும்பப் பெறும் நிபந்தனையைப் படிக்கும் எழுத்தில், தமிழில் எழுதுங்கள். விலக நினைப்பவனை மகிழ்ச்சியோடு விடை கொடுத்து அனுப்புங்கள். அவனே மீண்டும் வருவான். நம் முன்னோர் கடையில் குழந்தை தனியே வந்து கேட்டாலும் எடை குறையாது என்னும் பெயர் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பவனிடம் வாங்குவோர் யாவரும் அக்குழந்தையின் நிலையிலேயே நிற்கின்றனர்.

ஆகவே, நம் சங்கத்தின் கிளைதோறும், சட்டம் கற்ற இளைஞர் ஒருவர் மாதம் ஒருநாள் அமர்ந்து, இத்தகைய குறைகளைக் கேட்டு, முறையீடு எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும் என்று நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கின்றேன். தனியொருவர் 200 ரூபாய்க்காக வழக்காடத் தயங்குவர். இருநூறு பேரின் குறை ஒருங்கே வருமாயின் எக்கம்பெனியும் செவி சாய்க்கும்.