செய்கூலி உண்டு, சேதாரமும் உண்டு

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூடத்தின் வாசலில் வைக்க ஒரு பிள்ளையார் வாங்குவது என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. பழங்குடி மக்களின் பித்தளைக் கைவேலையாக இருந்தால் அழகாக இருக்கும் என்று மகளிர் குழுவினர் சொன்னார்கள். இப்போது இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. இரண்டு சிலையும் ஒரே உயரம். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. "பித்தளை கிலோ என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும், அப்புறம் எதற்கு இவ்வளவு?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்து, வேலைக்காலம் முழுவதும் வங்கியில் எழுத்தராகக் கணக்கு எழுதியவன். ஆகவே கணக்கு வழியிலேயே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், இது எங்கிருந்து வருகிறது? சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கே பஸ்தர் என்ற காட்டுப் பகுதி இருக்கிறது. ராய்ப்பூரிலிருந்து ஜகதல்பூர் போகும் சாலையில் கோண்டகாவ் என்று ஓர் ஊர். இந்தச் சிலைகளுக்குப் பேர்போன ஊர் அதுதான். தேசிய விருது பெற்ற ஜெய்தேவ் பகேல் அந்த ஊர்க்காரர். இந்த வேலைக்கு டோக்ரா என்று பெயர். வார்ப்பவர்கள் கட்வா சமூகத்தார். அக்கம்பக்கத்துக் கோண்டு, முரியா மக்களுக்குக் காலங்காலமாக நகை, மணி, விளக்கு, தானியம் அளக்கும் படி, ஊர்த் தெய்வங்களின் உருவம் எல்லாம் இவர்கள்தான் வார்த்துக் கொடுத்தார்கள். மேற்கு வங்கத்தில் பிக்னா, ஒடிசாவில் தேன்கனால், தெலங்கானாவில் ஆதிலாபாத் ஆகிய இடங்களிலும் இந்த வேலை நடக்கிறது. பஸ்தர் டோக்ராவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தொழில்நுட்பம் மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த நடனப் பெண்ணின் வெண்கலச் சிலையைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பத்தரை சென்டிமீட்டர் உயரம், சுமார் 4,500 ஆண்டு வயது. அதுவும் மெழுகு வார்ப்புதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சுற்றுலாவில் கோண்டகாவ் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். வேலை இப்படி நடக்கிறது. களிமண்ணோடு உமி கலந்து உருவத்தின் உள்கருவைப் பிடிக்கிறார்கள். அதைக் காயவைத்து, நைஸான மண் பூசி, மறுபடி காயவைக்கிறார்கள். மெழுகு ஒட்டுவதற்காக இலைச்சாறு தேய்க்கிறார்கள். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, நம் வீட்டு இடியாப்ப நாழி மாதிரி ஒன்றில் வைத்து நூலாகப் பிழிகிறார்கள். அந்த நூலை மண் உருவத்தின் மேல் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றுகிறார்கள். கண், காது, தும்பிக்கை, பூணூல் எல்லாமே மெழுகு நூல்தான். அதன் மேல் மறுபடி மண் பூச்சு, முதலில் நைஸாக, பிறகு கரடாக. உலோகம் உள்ளே போக ஒரு வழி விடுகிறார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகிப் போய்விடும். அது இருந்த இடத்தில் உருக்கிய பித்தளை போய் நிரம்பும். ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுத்து, அரம் போட்டுத் தேய்த்துத் துலக்குகிறார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு சிலைக்கு ஒரு அச்சுதான். உடைத்தால்தான் சிலை வெளியே வரும், உடைத்த அச்சு திரும்ப உதவாது. அடுத்த பிள்ளையாருக்கு மறுபடி மண் பிசைவதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, பித்தளை ஓரிடத்தில் ஓடாமல் நின்றுவிட்டால் காதோ கையோ இல்லாமல் சிலை வெளியே வரும். பித்தளையைத் திரும்ப உருக்கிக் கொள்ளலாம். போன மெழுகும், எரித்த விறகும், செலவான நாட்களும் திரும்பாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நகைக்கடையில் சங்கிலி வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று போடுகிறார்கள். சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுவோமே தவிர, "செய்கூலியே எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. பித்தளைச் சிலையில் மட்டும் எடை போட்டு உலோக விலையைத் தர நினைக்கிறோம். அடக்க விலை என்றால் மூலப்பொருள், கூலி, இதரச் செலவு மூன்றும் சேர்ந்தது. இந்தச் சிலையில் பெரும்பகுதி கூலி. பித்தளையில் பாதி பழைய பாத்திரத்தை உருக்கியதாகக்கூட இருக்கும். ஆனால் பல நாள் உழைப்பு அதில் இருக்கிறது. எடைக்கு விலை பேசினால் அந்த நாட்களுக்குப் பூஜ்யம் எழுதுகிறோம் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் எந்தத் தகப்பனும் தன் மகனை இந்தத் தொழிலுக்கு அழைத்துவர மாட்டான்.

"நம் ஊர் சுவாமிமலை விக்கிரகமும் மெழுகு வார்ப்புதானே?" என்று கேட்கலாம். ஆமாம். அங்கேயும் தேன்மெழுகு, குங்கிலியம். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நம் ஸ்தபதிகள் முழு உருவத்தையும் மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண் பூசிக் கனமாக வார்க்கிறார்கள். சிற்ப சாஸ்திர அளவுகள் உண்டு. டோக்ராவில் உள்ளே மண், வெளியே பித்தளைத் தோல். அளவு கைக்கணக்கு. அதனால்தான் அந்தப் பிள்ளையார் கொஞ்சம் ஒல்லியாக, கை கால் நீண்டு, சில சமயம் மேளம் வாசித்துக்கொண்டு இருப்பார். அது குறை இல்லை, அந்த ஊர்க் கண் அப்படி.

தெய்வங்களிலும் அந்த ஊர் வாசனை உண்டு. அவர்களுக்குப் பெரிய தெய்வம் தந்தேவாடாவில் இருக்கும் தந்தேஸ்வரி அம்மன். பஸ்தர் தசரா 75 நாள் நடக்கிறது. அங்கே இராவண வதம் பிரதானமில்லை, அம்மனுக்குத்தான் விழா. ஊர் அம்மன்கள், யானை மேலும் குதிரை மேலும் வரும் தெய்வங்கள் எல்லாம் அவர்கள் சொந்த வழிபாட்டுக்கு வார்த்தவை. நம்மைப் போன்ற நகரத்தார் கேட்கக் கேட்க, பிள்ளையாரும் கிருஷ்ணரும் நிறைய வார்க்கிறார்கள்.

அசலைப் பார்ப்பது எப்படி? எனக்குத் தெரிந்த நாலு அடையாளம் சொல்கிறேன். ஒன்று, உடம்பில் நூல் சுற்றிய வரிகள் கையில் நெருட வேண்டும். இரண்டு, அடியிலோ முதுகிலோ திறப்பு இருந்தால் உள்ளே சுட்ட மண் தெரியும். மூன்று, பக்கவாட்டில் நேர்கோடாக ஒரு தையல் மாதிரி இருந்தால் அது இரண்டு பாதி அச்சில் வார்த்தது. நான்கு, கடைக்காரரிடம் "இதே மாதிரி இன்னும் பத்து கிடைக்குமா?" என்று கேளுங்கள். அச்சு அசலாகப் பத்தை எடுத்து வைத்தால், அது டோக்ரா இல்லை. மலிவான விலைப்புள்ளியோடு வந்த படத்தில் ஆறு பிள்ளையார் வரிசையாக நிற்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே தும்பிக்கை, ஒரே மடிப்பு. பித்தளைப் பொம்மையாக அதை விற்பதில் தவறில்லை. பழங்குடிக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் தவறு.

பராமரிப்புக்கும் ஒரு வார்த்தை. உள்ளே மண் இருப்பதால் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, அபிஷேகத்துக்கும் ஏற்றதில்லை. பூ வைக்கலாம், விளக்கேற்றலாம். புளி போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். உலர்ந்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். ஒதுக்கிய தொகைக்கு மேல் சங்கம் ஒரு ரூபாயும் போட வேண்டாம். இரண்டு அடிப் பிள்ளையாருக்குப் பதில், அதே தொகைக்குள் வரும் சிறிய அசல் பிள்ளையாராக வாங்குவோம். மத்திய அரசின் டிரைப்ஸ் இந்தியா, சத்தீஸ்கர் கைவினை வாரியத்தின் சபரி விற்பனையகம் ஆகியவற்றிலும் விலை கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம். ரசீதில் 'பஸ்தர் டோக்ரா' என்று எழுதி வாங்குவோம். செய்தவர் பெயரைச் சொல்லக்கூடிய கடையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெயரையும் பீடத்தில் பொறித்து வைப்போம். உபயதாரர் பெயரைப் பொறிக்கும்போது, வார்த்தவர் பெயருக்கும் ஒரு வரி இடம் இருக்கும்.