பெர்மூடாவுக்கு அப்பால், மாத்தளைக்கு அப்பால்



நமுனுகுலையில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன். சுற்றிலும் தேயிலை, அண்ணாந்தால் 2000 மீட்டருக்கு மேலே மலை; இவருக்கென்ன கடல் என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், கொஞ்சம் பொறுத்தும் கேளுங்கள்.

1930இல் வல்வெட்டித்துறையில் சுந்தர மேத்திரியார் வேப்பமரத்தால் ஒரு பாய்க்கப்பல் கட்டினார். 89 அடி நீளம். பெயர் அன்னபூரணி. சின்னப் படகொன்றில் ஏற்கெனவே உலகத்தைச் சுற்றி வந்திருந்த வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். பெயரை மாற்றலாம்; பாய் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டாமா? கப்பலை நடத்தும் தண்டையலாகக் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும், அவரோடு ஊர்க் கடலோடிகளும் அமெரிக்கா போக ஏறினார்கள்.

செங்கடல், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்மூடா. மிச்சம் அமெரிக்கக் கரைதான். தேசப்படத்தில் பார்த்தால் விரலளவு தூரம். ஆனால் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தைக் குறுக்கே கடந்து, வடக்கிலிருந்து இறங்கும் குளிர்நீருக்குள் நுழைய வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடையிலும் மூடுபனி. அடுத்த நிரையில் நிற்பவர் முகம் தெரியாத காலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை! 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கப்பல் சேர்ந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. மாலுமிகளின் பெயரை வல்வெட்டித்துறை இன்றைக்கும் சொல்கிறது.

2025 மே 29இல், புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் தாரிணி என்ற பாய்ப்படகில் உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவில் இறங்கினார்கள். கேப்டவுனில் தொடங்கியது கடைசிக் கட்டம். வரவேற்க இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரே வந்தார். நல்ல மரியாதை, வேண்டியதுதான்.

இந்தத் தோட்டங்களுக்கு வந்த நம்முடைய பாட்டன், பாட்டிமாரும் பாய் விரித்த தோணியில்தானே வந்தார்கள்? மன்னாரில் இறங்கியவர்களுக்குக் கடல் கொஞ்சம், தரைதான் அதிகம். காட்டுவழியே மாத்தளைக்கு நடை. கொலராவில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 2023இல் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்தார்களே, அந்தப் பாதைதான் இது. அந்த நினைவு நடை மாத்தளையோடு முடிந்தது. இங்கே ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்குப் பயணம் அங்கே முடியவில்லை. ரயில் பண்டாரவளைக்கு வந்ததே 1894இல், பதுளைக்கு 1924இல். அதற்கு முன்னே மலை ஏறி, மலை இறங்கி வந்து சேர்ந்தவர்களை எதிர்கொள்ள எந்தப் பத்திரிகைக்காரரும் நிற்கவில்லை. அவர்கள் பெயர் ஏறியது அவர்களைக் கூட்டி வந்த கங்காணியின் கடன் கணக்கில்.

இது எனக்கு ஆறவில்லை. மாத்தளையிலிருந்து இங்கே வந்த அந்தக் கடைசிக் கட்டத்தை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

கூட்டத் தலைவர் மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பாட்டன், பாட்டி எந்த ஊர், எங்கே தோணி ஏறினார்கள், எந்த வழியாக இந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்த அளவு சொல்லுங்கள். தெரியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் மூத்தவர்களைக் கேட்டு வாருங்கள். கங்காணியார் பெயர் பிறகு வரட்டும்; நடந்து வந்தவர் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.