பௌதிக ஆராய்ச்சிக்குப் புறப்படும் மாணவர்க்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பௌதிகத்தைப் பற்றிப் பேச இந்தக் குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைப்பீர்களாயின், அது நியாயமே. நாம் பத்தாம் வகுப்புத் தேறிய சில காலத்தில் தந்தையார் பணியிலிருக்கையிலேயே காலமானார். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இரயில்வே அலுவலகத்தில் அமர்ந்தோம். அப்புத்தகத்தை மீண்டும் திறக்க வைத்தவள் நம் மகள். பி.எஸ்ஸி. பயிலும் அவள் சென்ற ஆண்டு ஓர் இரவு, "அப்பா, நான் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்" என்றாள். அப்போது நமது சட்டைப்பையில் இரயில்வே தேர்வு பற்றிய விவரங்களைக் குறித்த தாள் இருந்தது. அதை நாம் வெளியில் எடுக்கவில்லை. மறுக்குமுன் விசாரித்தறிவோம் என்று எண்ணினோம். நம் கரக்பூரிலேயே 1951-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கு ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரிடம் ஓராண்டுக் காலம் கேட்டறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கணிதம். தேர்வுக்கு மனனம் செய்த கணிதம் போதாது. நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகியவை கைப்பழக்கமாகிவிட வேண்டும். விடையைப் பார்க்காமல் ஒரு கணக்குடன் இரண்டு நாள் போராடும் வழக்கமே ஆராய்ச்சிக்கு முதல் பயிற்சி என்கின்றனர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தபோது, அவர் தந்தையார் வடமேற்கு இரயில்வேயின் தணிக்கைப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1930-இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவ்விளைஞர், வழியிலேயே வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் ஆய்வுக்கூடம் ஏது? கணிதமே துணை.

இரண்டாவது, கைத்திறன். சர் சி. வி. இராமன் 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜாரிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட விளைவு எளிய கருவிகளால் கண்டதேயாம். ஆகவே மாணவர்கள் கம்பி இணைக்கவும், ஈயம் வைத்துப் பற்றவைக்கவும், பழுதான கருவியைப் பிரித்துப் பூட்டவும் பழக வேண்டும். இதற்கு நம் பிள்ளைகள் தொலைவில் போகவேண்டுவதில்லை. நம் பணிமனையில் வேலை செய்யும் சித்தப்பாவும் மாமாவுமே ஆசிரியர்கள்.

மூன்றாவது, கணினி. பைத்தான் போன்றதொரு மொழியில் நிரல் எழுதவும், அளவீடுகளை வரைபடமாக்கவும் தெரிந்திருத்தல் இன்று இன்றியமையாதது. அம்மொழி இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காவது, உண்மையாகக் குறித்து வைத்தல். இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

ஒருநாள் மகள் தனி ஊசல் சோதனையின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வருந்தினாள். புவியீர்ப்பு முடுக்கம் 980 என்பது புத்தகம். அவளுக்கு வந்ததோ 941. "அளவுகளைச் சற்று மாற்றி எழுதிவிட்டால் சரியாகிவிடும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அப்பா" என்றாள். நமக்கு நமது முதல் ஆண்டுப் பணி நினைவுக்கு வந்தது. அன்று கணக்கில் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. அச்சத்தால் நமது பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்தோம். அதைக் கண்டுபிடித்த மூத்த குமாஸ்தா, "தம்பி, நீ பணத்தைக் கட்டவில்லை, பிழையைப் புதைத்துவிட்டாய்" என்றார். தேடிப் பார்த்ததில், முன் பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குத் தவறாக ஏற்றியிருந்தது தெரிந்தது. இதை மகளிடம் சொன்னோம். அவள் 941 என்றே எழுதி, மறுநாள் மறுபடி அளந்தாள். நூலின் 48 செ.மீ. நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கொக்கியும் குண்டின் ஆரமுமாகிய 2 செ.மீ.-ஐச் சேர்க்க மறந்திருந்தாள்! சேர்த்ததும் விடை 980 ஆயிற்று.

சில வேளை வித்தியாசம் நம் பிழையாக இராது. இயற்கை மறைத்து வைத்த செய்தியாக இருக்கும். இங்கிலாந்தில் ராலே பிரபு, காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், இரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட 200-இல் 1 பங்கு அளவே கனமாக இருப்பதைக் கண்டார். அதை அலட்சியம் செய்யவில்லை. அதன் பயனாக 1894-இல் அவரும் ராம்சேயும் ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டனர். அவர் அவ்வித்தியாசத்தைப் புதைத்திருந்தால்?

ஐந்தாவது, எழுத்தும் பேச்சும். கண்டதைத் தெளிவாக எழுதவும், பலர் முன் எடுத்துரைக்கவும், தெரியாததைக் கூசாமல் கேட்கவும் வேண்டும். பாட்டியார்க்குத் தமிழில் விளக்க இயலாத ஒன்று நமக்கே விளங்கவில்லை என்று கொள்ளலாம்.

ஆறாவது, பொறுமையும் ஆள் அறிதலும். டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பல மாதங்கள் ஒன்றும் கைகூடாது போகலாம். ஆதலால் வழிகாட்டியைப் பெயர் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காமல், அவரிடம் பயிலும் மூத்த மாணவர்களைக் கேட்டறிந்து சேர வேண்டும். இந்திய அறிவியல் கழகங்கள் கோடை விடுமுறையில் அளிக்கும் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால், இவ்வாழ்வு தமக்கு ஒத்துவருமா என்பதை இரண்டு மாதத்தில் உணரலாம்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். ஆராய்ச்சி என்றால் வருமானமற்ற படிப்பு என்றே நாமும் எண்ணியிருந்தோம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தவர்க்கு 2023 முதல் மாதம் ரூ. 37,000-மும், இரண்டு ஆண்டு கழித்து ரூ. 42,000-மும் என நிர்ணயிக்கப்பட்டது. கேட், ஜெஸ்ட் தேர்வுகளும் ஆராய்ச்சிக்கு வழி திறக்கும். ஆனால் பட்டம் பெற்றதும் வேலை காத்திருக்கும் என்று யாரும் உறுதி கூற மாட்டார். அதையும் மறைக்காமல் மகளிடம் கூறினோம். "தெரிந்துதான் கேட்கிறேன், அப்பா" என்றாள்.

சட்டைப்பைத் தாளை அன்று அவள் கையில் கொடுத்தோம். அதன் பின்புறத்தில் அவள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாள். நாம் தடுக்கவில்லை.

அன்பர்களே, நம் சங்க நூலகத்தில் மாலைதோறும் ஒரு மேசையும் ஒரு விளக்கும் கணிதம் பயிலும் பிள்ளைகளுக்கென ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். நாம் மூடிய புத்தகத்தை நம் மக்கள் மூட வேண்டாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!